ஆசிரியரின் தைரியம்



2003-ஆம் ஆண்டு பலருக்கு நினைவிருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று அரசாங்கம் சொன்னது. நம் பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. அதுவரை தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் கைக்கு மடிக்கணினி வந்தது, பயிற்சியும் வந்தது. கணக்கு மறந்தா போச்சு? இல்லை. "இந்த மொழியில் நம்மால் முடியுமா?" என்ற தயக்கம்தான்.

தயங்குகிற ஆசிரியர் புத்தகத்தை விட்டு நகரமாட்டார். பிள்ளை கேள்வி கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். தைரியமுள்ளவரோ தப்பாகச் சொன்னாலும் சிரித்துத் திருத்திக்கொண்டு மேலே போவார். (வெறும் தைரியம் போதாது, மொழியும் தெரியணும். அது வேறு விஷயம்.)

அந்தத் திட்டம் பின்னர் படிப்படியாக நீங்கியது. ஆங்கிலப் பாடம் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. தன்னால் முடியும் என்ற எண்ணம் செய்து பார்த்துத்தான் வளரும், பிறர் தரும் ஊக்கமும் உதவும் என்று ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியல் அறிஞர் 1977-இல் எழுதினார்.

நாமோ பிள்ளை காதுபட, "அந்த டீச்சருக்கு இங்கிலீஷ் வராது" என்கிறோம். மறுநாள் அந்தப் பேச்சு வகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. குறை இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வாங்க, ஆசிரியரிடமே சொல்லுங்க. தோட்டத்து வேலை முடிந்து வருகிறவர்களுக்காகக் கூட்டத்தைச் சாயங்காலம் வைக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.