மொஸ்க்வா நதிக்கரையின் சாம்பல் மாளிகை



மொஸ்கோ மாநகரிலே, கிரெம்ளின் கோட்டைக்கு அணித்தாக, மொஸ்க்வா நதிக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட தீவில், பெரியதொரு தொடர்மாடிக் குடியிருப்பு நிற்கின்றது. 'அரசாங்க இல்லம்' என்பது அதன் பழைய பெயர். இன்று 'நதிக்கரை வீடு' என்று சொன்னால்தான் பலருக்கு விளங்கும்.

1918இல் தலைநகர் பெத்ரோகிராட்டிலிருந்து மொஸ்கோவுக்கு மாற்றப்பட்டபோது, புதிய ஆட்சியாளர் கிரெம்ளினிலும் விடுதிகளிலும் நெருக்குண்டு வாழ்ந்தனர். அக்குறையைத் தீர்க்கப் பொரிஸ் இயோபான் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டமே இது. சதுப்பு நிலமாதலால், ஆயிரக்கணக்கான முளைகளை மண்ணில் அறைந்து அவற்றின்மேல் அடித்தளம் இட்டனர். 1931இல் மக்கள் குடிபுகுந்தனர். வீடுகள் 505. அழகென்று சொல்வதற்கில்லை, கனத்த சுவர்களும் சாம்பல் நிறமும் கண்ணை அழுத்துகின்றன. ஆயினும் வசதிக்குக் குறைவில்லை. உணவுச்சாலை, சலவையகம், கடை, குழந்தைகள் பள்ளி, நாடக அரங்கு, 'உதார்னிக்' படமாளிகை யாவும் ஒரே வளவுக்குள் அமைந்தன. பொது உணவுச்சாலை இருக்கிறதே என்று வீட்டுச் சமையலறையைச் சிறிதாகவே கட்டினர்.

கதிரை மேசைகளையும் இயோபானே வரைந்தார். ஒவ்வொன்றிலும் அரசாங்க இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. குடிபுகுவோர் பட்டியலிற் கையொப்பமிட்டே அவற்றைப் பெற்றனர். நாட்டை ஆண்டவர்களுக்கு இருக்கும் நாற்காலியும் சொந்தமன்று! தனியுடைமையை ஒழிக்க எண்ணியோர்க்கு இது பொருத்தமே. ஆனால், அனைத்தையும் வழங்கும் கை அனைத்தையும் மீட்கவும் வல்லது.

1937, 1938ஆம் ஆண்டுகளில் ஸ்ராலின் ஆட்சியின் களையெடுப்பு இம்மாளிகையினுள்ளும் புகுந்தது. இரவிலே அதிகாரிகள் வந்தனர்; ஆள் கொண்டுசெல்லப்பட்டதும் கதவுக்கு முத்திரை வைக்கப்பட்டது. ஆட்சியைத் தாங்கியவர்களே ஆட்சியின் பகைவராகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். சுட்டுக் கொல்லப்பட்டோருள் 344 பேர் அறியப்பட்டுள்ளனர். புதியவர் குடிவந்தபோது அதே கதிரை, அதே மேசை, அதே இலக்கம். பட்டியலிற் கையொப்பம் மட்டுமே வேறு.

அங்கு வளர்ந்த யூரி திரிபோனவ் பதினொரு வயதுச் சிறுவனாயிருக்கையில், 1937இல், தந்தை கைதானார். மறு ஆண்டு கொல்லப்பட்டார். தாயும் முகாமுக்கு அனுப்பப்பட்டார். பாட்டியே பிள்ளைகளை வளர்த்தாள். எழுத்தாளரான திரிபோனவ் 1976இல் 'நதிக்கரை வீடு' என்னும் குறுநாவலை வெளியிட்டார். மாளிகையின் பெயராக இன்று நிலைத்திருப்பது அந்நூலின் தலைப்பே. வீட்டைக் கட்டிய இயோபான் கைதாகவில்லை. அங்கேயே வாழ்ந்து அதே 1976இல் மறைந்தார். 1989இல் முன்னாட் குடியிருப்போர் அங்கே ஒரு சிறு நூதனசாலையை அமைத்து, கொண்டுசெல்லப்பட்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டலாயினர்.