பிள்ளை பார்ப்பதும் வேலைதான்

(மதுரையில் வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலை செய்யும் பெண்களின் கூட்டத்தில் பெண் ஊழியர் ஒருவர் பேசியது.)

தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் நிற்கும் மில் தோழர்களே, கிராமங்களிலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களே!

கோடை லீவு வரப்போகிறது. பள்ளிக்கூடம் மூடினால் நம் வேலை குறையுமா? இல்லை, கூடும். பள்ளி நாட்களில் காலையில் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டால் மூன்று மணி வரை கொஞ்சம் மூச்சு விடலாம். லீவு வந்தால் விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை பிள்ளை நம் கையில்தான். வீட்டம்மா ஆபீஸுக்குப் புறப்படும்போது, "செல்போனையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான், எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போயேன்" என்பார். எங்கே போவது? எதில் போவது? என்ன செலவு? அதை யார் கொடுப்பது? ஒன்றும் சொல்லமாட்டார். இந்த நாலு கேள்விக்கும் பதில் தேடத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிள்ளை பார்ப்பது வேலையா, இல்லையா?

"சும்மா பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் வீட்டு ஆண்களே சொல்வதுண்டு. நான் மில் தோழர்களைக் கேட்கிறேன்: நூல் அறுந்தால் பிணைக்கலாம். மெஷின் கெட்டால் நிறுத்தலாம். ஓடுகிற பிள்ளையை நிறுத்தி வைக்க எங்கே பொத்தான் இருக்கிறது? பசியா, தூக்கமா, வயிற்றுவலியா என்று வாய் பேசாத பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். இது வித்தை இல்லாமல் வேறு என்ன?

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2005ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்குத் தாய்மார்கள் கொண்டுவரும் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பிள்ளை பார்க்கவென்றே வைக்க வேண்டும்; மண் வெட்டுகிறவளுக்கு உள்ள கூலி அவளுக்கும் உண்டு. எத்தனை ஊரில் இது நடந்தது என்பது நீங்கள் அறிந்த கதை. ஆனால் மரத்தடியில் தூளி ஆட்டுகிறவளும் கூலிக்கு உரியவள் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. பிறகு வீட்டுக்குள் தொட்டில் ஆட்டுகிறவளைப் பார்த்து 'சும்மா இருக்கிறாள்' என்று எப்படிச் சொல்லலாம்?

சரி, வெளியே போவதற்கு வருவோம்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதென்றால் பெரிய கடைத்தொகுதிக்குத்தான் போகவேண்டும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. குளிர்சாதனம், ஓடும் படிக்கட்டு, காசு போட்டால் ஆடும் குதிரை! அங்கே ஒரு மணி நேரத்தில் நம் ஒரு நாள் சம்பளம் கரைந்துவிடும். பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன சொல்லும்? "அந்தப் பொம்மை வாங்கித் தரவில்லை" என்று அழும். இதற்கா அலைந்தோம்?

நம் மதுரையில் காசில்லாமலும் சொற்பக் காசிலும் பார்க்க எத்தனையோ இருக்கின்றன.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் தமுக்கத்தில் காந்தி மியூஸியம். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனைக் கட்டடம். 1959 ஏப்ரலில் நேரு திறந்து வைத்தார். நுழைவுக்கட்டணம் கிடையாது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. சட்டையில்லாத காந்தி படத்தைப் பார்த்து, "இந்தத் தாத்தா ஏன் சட்டை போடவில்லை?" என்று பிள்ளை கேட்கும். பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டையை விட்டு முழத்துண்டுக்கு மாறினார். உடுத்த முழத்துணியில்லாத ஏழை ஜனங்களைக் கண்டதுதான் காரணம். நாற்று நடுகிறவரின் கோவணம்தான் அவரை மாற்றியது என்று சொல்லுங்கள். பிள்ளை மறக்காது.

நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. உள்ளே போய்ப் படிக்கக் காசு வேண்டாம். மத்தியான வெயிலுக்கு அதைவிட நல்ல நிழல் கிடையாது. எனக்குப் படிக்கத் தெரியாதே என்று தயங்காதீர்கள். படத்தைக் காட்டிக் கதை சொல்லுங்கள். நம் பாட்டிமார் எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்?

திருமலை நாயக்கர் மகாலுக்குச் சிறு கட்டணம் உண்டு. எத்தனை பிள்ளைகள் கைகோர்த்தால் ஒரு தூணைச் சுற்றலாம் என்று பந்தயம் வையுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. மாலையில் வண்டியூர் தெப்பக்குளம். காற்று இலவசம். தண்ணீர் இருக்கும் நாளில் படியில் மட்டும் இறங்கவிடாதீர்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளானால் அதிகாலையில் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், பாறையில் வெட்டிய படி, மேலே சமணச் சிற்பங்கள்.

மில் தோழர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டவேண்டிய இடம் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது. மதுரையிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர்தான். அந்த ஊர் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. அங்கே தோண்டி எடுத்தவற்றில் நூல் நூற்ற தக்களிகள் இருக்கின்றன. உன் அப்பன் செய்கிற தொழிலை இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் செய்திருக்கிறார்கள் என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். ராஜாவின் வாளை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, உழைத்தவன் கைக்கருவியையும் பார்க்கட்டும்.

பிரயாணச் செலவு? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதம் வந்த திட்டப்படி டிக்கட் இல்லை. அரசு பஸ்ஸில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கட் வேண்டாம் என்று 2022இல் அறிவித்தார்கள். ரயிலிலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மதுரை ஸ்டேஷனில் சாதாரண ரயில் ஏறித் திருப்பரங்குன்றத்தில் இறங்கினாலே சின்னப் பிள்ளைக்கு அது பெரிய பிரயாணம்.

இனி, போகுமுன் செய்யவேண்டிய ஏற்பாடுகள்.

ஒன்று: எந்தக் கிழமை மூடியிருக்கும், கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே விசாரியுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் பிள்ளையும் அழும், நமக்கும் அழுகை வரும்.

இரண்டு: காலை ஏழு முதல் பத்து வரை, மாலை நாலுக்கு மேல். அக்கினி நட்சத்திர நாட்களில் நடுப்பகலில் பிள்ளையை வெயிலில் நிறுத்தாதீர்கள். உடம்பு கொதித்து, பிள்ளை சோர்ந்து, பேச்சுத் தடுமாறினால் அது சாதாரணக் களைப்பு அல்ல. நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள்.

மூன்று: சாப்பாடு வீட்டிலிருந்தே போகட்டும். புளிச்சோறு வெயிலைத் தாங்கும், தயிர்ச்சோறு தாங்காது. வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, வாழைப்பழம் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சி ஆறிய தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் காட்டுங்கள்.

நான்கு: போன் நம்பர் எழுதிய சீட்டை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வையுங்கள். பஸ்ஸில் ஏறும்போது ஒரு எண்ணிக்கை, இறங்கும்போது ஒரு எண்ணிக்கை. சின்னப் பிள்ளைகளானால் மூன்று பேருக்கு ஒரு ஆள் வேண்டும். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் ஒருத்தி கழிப்பறைக்குக் கூட்டிப்போகலாம், இன்னொருத்தி மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை காணாமற்போனால் வெட்கப்பட்டு நிற்காதீர்கள். உடனே அங்குள்ள காவலரிடம் சொல்லுங்கள், 1098க்கும் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: கூலி.

நான் இந்த ஊழியத்துக்கு வருமுன் ஆறு வருஷம் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு கொடைக்கானல் போனேன். விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டு இரவு பதினொரு மணிக்குத் திரும்பினோம். மறுநாள், கூடுதல் வேலைக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். "நீயும்தானே ஊர் பார்த்தாய்!" என்றார்கள். நான் பார்த்தது என்ன? அவர்கள் ஏரியில் படகு விட்டார்கள். நான் கரையில் பையைக் காத்தேன். மலைப்பாதையில் பிள்ளை எடுத்த வாந்தியைத் துடைத்தேன். அவர்களுக்கு உல்லாசம், எனக்குப் பத்தொன்பது மணி நேர வேலை.

ஆகவே போகுமுன் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது, வழக்கமான நேரத்துக்கு மேலானால் என்ன கூலி, பஸ், டிக்கட், சாப்பாட்டுச் செலவு யாருடையது, பிள்ளை தடுக்கி விழுந்து முட்டி தேய்ந்தால் நம் சம்பளத்தில் கை வைப்பார்களா? கேட்டதை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள்; ஆனால் கேளுங்கள். நம்மிடம் பிள்ளையை நம்பி விடுகிறவர்கள் பலர் நல்லவர்கள். அவர்களும் மாதச் சம்பளக்காரர்கள்தான். சொன்னால் புரிந்துகொள்வார்கள். சொல்லாமலே புரியும் என்று காத்திருந்தால் தலை நரைத்துவிடும்.

நாம் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2011இல் வீட்டு வேலை செய்வோருக்காக 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் அமைந்தது. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே, இவர்களுக்கென்று சட்டம் கொண்டுவருவதைப் பரிசீலிக்கக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. வாரியத்தில் பதியாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள். காகிதத்தில் உள்ள உரிமை கைக்கு வரவேண்டுமானால் நாம்தான் போய் எடுத்துவர வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது கொஞ்சம் நெஞ்சைச் சுடும்.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மியூஸியமும் மகாலும் காட்டுகிறோம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? நாம் வேலைக்குப் போனதும் நம் கைக்குழந்தையை யார் பார்க்கிறார்கள்? பத்து வயது அக்காள். சம்பளமில்லாத ஆயா. தம்பியை இடுப்பில் வைத்து வைத்து அவள் இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அங்கன்வாடி இருக்கும் ஊரில் குழந்தையை அங்கே சேர்த்தால் அவள் பள்ளிக்குப் போவாள். நாளை முதல் அதைச் செய்யுங்கள். மில் தோழர்களே, 1948 தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அதை 30 என்று குறைத்தார்கள். 2017இல் மகப்பேறு சட்டத் திருத்தம், 50 பேர் வேலை செய்யும் எந்த ஸ்தாபனத்திலும் காப்பகம் வேண்டும் என்றது. உங்கள் மில்லில் அப்படி ஓர் அறை இருக்கிறதா? இருந்தால் அதில் குழந்தை இருக்கிறதா, உடைந்த நாற்காலி இருக்கிறதா? போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள்.

நான் ஒரு யோசனை சொல்கிறேன். ஐந்து வீட்டார் ஒன்று சேருங்கள். வீட்டுக்கு வாரம் 10 ரூபாய் உண்டியலில் போடுங்கள். நாலு வாரத்தில் 200 ரூபாய் சேரும். அரிசி அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். அந்தப் பணத்தில் பிள்ளைகளின் அரை டிக்கட்டும், பழமும், நுழைவுச்சீட்டும் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழடி போவோம். ஆண்கள் புளிச்சோறு கட்டட்டும். கைக்குழந்தைகளை அவர்களே தூக்கி வரட்டும்; மூட்டை தூக்கிய தோள்தானே, தாங்கும். அந்தப் பத்து வயதுப் பெண் அன்று ஒரு நாளாவது வெறுங்கையோடு ஓடி விளையாடட்டும்.

வர விரும்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் இந்த நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்.