கயிற்றினால் கற்பிக்கும் கணிதம்

உபாத்தியாயர்களே! நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 100 செண்டு ஓர் ஏக்கர் என்று தடையின்றி ஒப்புவிப்பார்கள். ஒரு செண்டு எவ்வளவு இடமென்று கேட்டாலோ விழிப்பார்கள்.

இக்குறை நீங்க 66 அடிக் கயிறு ஒன்று போதும். முன்பு வழங்கிய நில அளவைச் சங்கிலியின் நீளமும் அதுவே. அதனைப் பத்துச் சமபாகமாக முடிச்சிட்டு, பிள்ளைகளை மைதானத்திற்கு அழைத்துச் செல்க. பக்கத்திற்கு ஒரு கயிறாக முளையடித்துச் சதுரம் அமைக்கட்டும். எதிர்மூலைகளுக்கிடையே உள்ள இரண்டு தூரங்களும் ஒத்திருந்தால் சதுரம் சரியானதே. அதன் பரப்பு 4,356 சதுர அடி. அதாவது 10 செண்டு. முடிச்சுக்கு முடிச்சு பிரித்த ஒவ்வொரு பட்டையும் ஒரு செண்டாகும்.

பின்னர் ஒன்றரைக் கயிறு நீளமும் அரைக் கயிறு அகலமுமாக வேறோர் இடத்தை வகுக்கச் செய்க. இரண்டிற்கும் சுற்றளவு 264 அடியே. எது பெரிது என்பதைக் கணக்கிடுமுன் ஒவ்வொருவரும் ஊகித்து எழுதவேண்டும். சமமென்று எழுதிய பிள்ளை, பெருக்கிப் பார்த்ததும் வியப்புறும். பின்னதன் பரப்பு ஏழரைச் செண்டுதான்!

வரப்பைச் சுற்றி நடந்தே நிலத்தை மதிப்பவன் இரண்டரைச் செண்டை இழப்பான். இவ்வுண்மையைத் தன் கையால் அளந்தறிந்த பிள்ளை, பிற்காலத்தில் கிரயத்திலும் குத்தகையிலும் எளிதில் ஏமாறாது.