வினாவில் பிறந்த நாட்டுப் பெருமிதம்



இங்கிலாந்துக்கென்று சட்டம் ஏற்ற தனி நாட்டுப்பண் கிடையாது. ஸ்காட்லாந்தும் வேல்சும் 1999இல் தத்தமக்கென மன்றங்களைப் பெற்றன, இங்கிலாந்து பெறவில்லை. ஆங்கிலேயர் என்றாலும் பிரித்தானியர் என்றாலும் ஒன்றே என அங்கே பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1966 உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்து ரசிகர்கள் அசைத்தது பெரும்பாலும் பிரித்தானியக் கொடி. 1996 ஐரோப்பியக் கோப்பையிலோ புனித ஜார்ஜின் செஞ்சிலுவைக் கொடி.

கொடி கிடைத்தது. பாட்டு? 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்காக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தது, வில்லியம் பிளேக்கின் ‘ஜெருசலேம்’. அந்தப் பிளேக் யார்? தம் தோட்டத்திலிருந்து ஒரு படைவீரனை வெளியேற்றிய பூசலில் அரசத் துரோகப் பேச்சுக் குற்றம் சாட்டப்பெற்று, 1804இல் விடுதலையானவர். பாடலின் முற்பாதி முழுதும் வினாக்களே. 1916இல், போர்க்கால நாட்டுப்பற்று இயக்கமொன்றுக்காக ஹியூபர்ட் பாரி அதற்கு இசையமைத்தார்; மறு ஆண்டே அவ்வியக்கத்தைக் கைவிட்டார். 1918இல் பெண்கள் வாக்குரிமை விழாவில் அப்பாடல் ஒலித்தது.

கவிஞர்களே, எண்ணிப் பாருங்கள். அரசு ஐயுற்ற ஒருவரின் வினாக்களே அந்நாட்டின் பெருமிதமாயின. அவர் பாடிய நகரம் இனிமேல்தான் எழுப்பப்பட வேண்டியது. முடிந்துபோன வெற்றிகளை மட்டும் பாடியிருந்தால், வாக்குரிமை கேட்ட பெண்களுக்கு அதில் இடம் இருந்திருக்குமா? நாட்டைப் பாடும் நாமும் நம் பாட்டில் ஒரு வினாவுக்கு இடம் வைப்போம்.