அலுமினியப் படகில் பலகைத் தளம்

தெலுக் இந்தான் வட்டாரத்தில் பேராக் ஆற்றுக்கு ஊடாங் காலா பிடிக்கப் போகிறவர்களை நாம் அறிவோம். சிலர் பழைய அலுமினியப் படகை வாங்கி, அதற்குள் பலகைத் தளம் போட்டுக்கொள்கிறார்கள். கால் வைத்து நிற்கவும், ஐஸ் பெட்டி வைக்கவும் வசதிதான். ஆனால் வேலையை எங்கே தொடங்குகிறார்கள்? நடு இருக்கையை அறுப்பதில்!

அலுமினியம் இலேசான உலோகம் என்கிறோம். ஆனாலும் அது தண்ணீரைப்போல் 2.7 மடங்கு கனமுள்ளது. படகுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால், அதை மூழ்கவிடாமல் தாங்குவது இருக்கைகளுக்குள் அடைத்திருக்கும் நுரைக்கட்டியே. ஒரு கன அடி நுரை சுமார் 27 கிலோவைத் தாங்கும். இடத்தை அடைக்கிறது என்று அதை வீசிவிட்டால், விபத்து நேரத்தில் நம் பிள்ளைகள் பற்றிக்கொள்ளப் படகே இருக்காது.

இருக்கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. படகின் இரு பக்கங்களையும் விறைப்பாகப் பிடித்திருப்பது அதுதான். ஆகவே, அறுக்காமல் அதைச் சுற்றியே தளம் போடுவது உத்தமம். நுரை நீர் ஊறிக் கனத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். புதிய நுரையைத் தளத்தின் அடியில் மட்டும் திணிக்கக் கூடாது. நீர் நிறைந்த படகு குப்புறக் கவிழப் பார்க்கும். இரு பக்கங்களிலும் உயரமாகப் பொருத்துங்கள். தளம் மட்டும் தாழ்வாகவே இருக்கட்டும்.

அடுத்தது ஆணி. தெலுக் இந்தான் பக்கம் கடல் ஏற்றம் ஆற்றுக்குள் வருகிறது. உப்புநீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் சிறு மின்னோட்டம் உண்டாகி அலுமினியத்தை அரித்துவிடும். அடியில் விழுந்து கிடக்கும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியே நாளடைவில் ஓட்டை போட்டுவிடும். பித்தளைத் திருகாணியும், செம்பு கலந்த மருந்தில் ஊறிய பச்சை நிறப் பலகையும், செம்பு கலந்த படகுச் சாயமும் வேண்டாம். அலுமினிய ரிவெட் போதும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி என்றால் நைலான் வளையம் வைத்து முடுக்குங்கள்.

வேலை முடிந்ததும், நீரோட்டமில்லாத இடத்தில், இடுப்பளவு ஆழத்தில் படகை நிறுத்துங்கள். இயந்திரத்தைக் கழற்றி, அதே எடைக்குப் பழைய இரும்பைப் பின்புறம் கட்டி, படகு நிறையத் தண்ணீர் விடுங்கள். விளிம்பு நீருக்கு மேல் தெரியவில்லையானால் இன்னும் நுரை வைக்க வேண்டும்.