லயத்தை விட்டு இறங்குமுன்



பால் வெட்டுபவரானாலும் கணக்கெழுதும் கிராணியானாலும் நம் நிலை ஒன்றுதான். தோட்டத்து வீடு வேலைக்காகக் கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும். லயத்துக்குத் தண்ணீரும் விளக்கும் கேட்கும் 1990ஆம் வருஷச் சட்டம்கூட, வேலையிலிருக்கும் தொழிலாளிக்குத்தான்.

60 வயதுக்குமுன் முதலாளி நம்மை ஓய்வில் அனுப்ப முடியாதென்பது 2013 முதல் சட்டம். அதுவரை வீடு தேடாமலிருப்பது தகாது. வேலையிலிருக்கும்போதே சேமநிதியில் ஒரு பகுதியை வீடு வாங்க எடுக்கலாம். 55இல் முழுப் பணமும் எடுக்கலாம். அதன் வாசனைக்கே சுற்றம் கூடிவிடும், எச்சரிக்கை!

எப்படிப்பட்ட வீடு? மலிவென்று நாலாம் மாடிக்கு ஓடாதீர்கள். முப்பது வருஷம் நிரை நிரையாக நடந்த முழங்கால், லிப்ட் இல்லாத படியில் ஏறுமா? தரைவீடு, உட்கார்ந்து எழ வசதியான கக்கூஸ், கூப்பிடு தூரத்தில் அரசாங்கக் கிளினிக், பஸ். இவற்றைப் பாருங்கள். கோயில் அப்புறம்.

பத்திரம் உங்கள் பேரிலோ மனைவி பேரிலோ இருக்கட்டும். மகன் தங்கமான பிள்ளைதான், மருமகளும் தங்கந்தான். பத்திரம் நம்மிடமிருந்தால் இருவரும் இன்னும் தங்கமாயிருப்பார்கள்.

யாருமற்றவர்களுக்குச் சமூகநல இலாகாவின் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் உண்டு. 60 வயதாகி, ஆதரவின்றி, தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடியவரையே அங்கே சேர்ப்பார்கள். படுக்கையில் விழுந்தபின் மனுப்போட்டுப் பயனில்லை. தீராத நோயாளிகளுக்கு ஏசான் இல்லம் தனி.

மனு எழுதத் தெரியாதவர்கள் சேமநிதிக் கணக்குத் தாளோடும் அடையாளக் கார்டோடும் கமிட்டிக்கு வாருங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம்.