விற்ற பொருளும் திரும்பாத பணமும்

(வடபகுதிக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துருவம்)



அரசியல் மேடைகளிலே பேசிப் பழகிய நாம் இன்று ஒரு தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் உங்களுட் சிலர் நகைக்கக் கூடும். நகைப்பவர் நகைக்கட்டும். நாற்பத்தெண்ணாயிரம் ரூபாவை ஈராண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த ஒரு சகோதரிக்கு அது நகைப்புக்குரிய செய்தியன்று. கணவனை இழந்தவர் அவர். இரண்டு பிள்ளைகளின் தாய். பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கலாம் என்ற நம்பிக்கையோடு, பெரிய வணிக நிறுவனமொன்றின் இணையத்தளத்திலே படத்தைப் பார்த்து, தை மாதத்தில் அந்த இயந்திரத்துக்குப் பணம் கட்டினார். பெட்டி வந்தது. பிரித்தார். இயந்திரம் ஓடியது, ஆனால் நூல் பிடிக்கவில்லை. பத்து அங்குலம் தைத்தால் மூன்று இடத்தில் அறுந்தது. அயலிலுள்ள தையற்காரர் ஒருவர் பார்த்து, உள்ளே ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்றார்.

அதே நிறுவனத்தின் கிளைக் கடை யாழ்ப்பாண நகரத்திலே இருக்கிறது. பெயர்ப் பலகை ஒன்று. பற்றுச்சீட்டிலுள்ள பெயரும் ஒன்று. இயந்திரத்தை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். "இணையத்தில் வாங்கியதை இங்கே ஏற்கமாட்டோம், கொழும்போடு பேசுங்கள்" என்றார்கள். கொழும்போடு பேசினார். "அருகிலுள்ள கிளையிலே கொடுங்கள்" என்றார்கள். மீண்டும் கிளைக்குப் போனார். "எங்களுக்கு அறிவித்தல் வரவில்லை" என்றார்கள். முச்சக்கர வண்டிக்கு மட்டும் அவர் கொடுத்தது எவ்வளவு என்று நாம் கேட்டோம். அவர் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

இங்கே நம்முடைய குற்றத்தையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். அவர் நம்மிடம் வந்தபோது பங்குனி பிறந்துவிட்டது. நாமும் சட்டத்தரணிகளுக்கு உரிய பழக்கத்தின்படி நிறுவனத்துக்குப் பணிவான கடிதம் ஒன்று எழுதினோம். பதில் இல்லை. இன்னொன்று எழுதினோம். "தங்கள் முறைப்பாடு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. பரிசீலனை என்ற சொல்லிலே நாமும் சிறிது மயங்கிவிட்டோம். பிறகொரு நாள் இரவு சட்டப் புத்தகத்தைத் திறந்து நாள்களை எண்ணிப் பார்த்தபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துள் கொடுக்க வேண்டும் என்கிறது. பெட்டி வீட்டுக்கு வந்த நாளையா, பணம் கட்டிய நாளையா விற்பனை நாளாகக் கொள்வது என்று வாதாடலாம். வாதாடித் தோற்றால் இழப்பு அந்தச் சகோதரிக்கல்லவா? ஆகவே முந்திய நாளிலிருந்தே எண்ணினோம். ஒன்பது நாள்களே எஞ்சியிருந்தன.

அன்பர்களே, அந்த நிறுவனம் எங்கேயும் "பணம் தரமாட்டோம்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுத்திருந்தால் அன்றைக்கே முறைப்பாடு எழுதியிருப்போம். மறுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. அவர்களுடைய இணையத்தளத்தில் மீள்கொடுப்பனவைப் பற்றி எழுதியிருப்பதை நாம் நான்கு முறை வாசித்தோம். "தகுந்த காலத்துள்", "நிபந்தனைகளுக்கு உட்பட்டு", "நிருவாகத்தின் முடிவே இறுதியானது". தகுந்த காலம் ஒரு வாரமா, ஓராண்டா? நிபந்தனைகள் எவை? ஓரிடத்திலும் இல்லை. தெளிவாக எழுதத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். தவணை தவறினால் எத்தனை வீதம் வட்டி என்பதை அதே தளத்திலே எவ்வளவு அழகாக, தசம புள்ளியோடு எழுதியிருக்கிறார்கள்!

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கடைக்காரன் சொல்வதே சட்டம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம். அது பிறந்த காலத்திலே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே வரவில்லை. இங்கிலாந்தில் 1893 இல் இயற்றிய சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட அந்தப் பழஞ்சட்டம், இன்றைய இணைய வியாபாரத்துக்கும் வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது. பொருளைக் கண்ணால் பாராமல், விவரத்தை நம்பி வாங்கினால், வந்த பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவனிடம் அவ்வாறு வாங்கினால், அது விற்பனைக்கேற்ற தரமுடையதாயும் இருத்தல் வேண்டும். இவற்றை ஒப்பந்தத்திலே எழுதவேண்டியதில்லை. எழுதாவிட்டாலும் உள்ளே இருப்பதாகச் சட்டம் கொள்கிறது. இணையத்தில் வாங்குவதெல்லாம் விவரத்தை நம்பி வாங்குவதன்றி வேறென்ன? மின்னணு முறையில் செய்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்பதையும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் உறுதிசெய்துவிட்டது.

பெட்டியைக் கொண்டுவரும் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணத்தை வைத்தாற்றான் பெட்டியைத் தருவான். பிரித்துப் பார்க்க விடமாட்டான். தாளில் ஒப்பமும் கேட்பான். அவன் கூலிக்கு ஓடுகிறவன், அவனோடு சண்டை வேண்டாம். ஆனால் அந்த ஒப்பத்தால் நம் உரிமை போய்விட்டதென்று கடைக்காரன் சொன்னால் நம்பாதீர்கள். பெட்டியைப் பெற்றுக்கொள்வது வேறு, பொருளை ஏற்றுக்கொள்வது வேறு. பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்கினவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று சட்டம் கருதுவதில்லை. அதற்கும் மேலே ஒன்றுண்டு. இதைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். பொருளை ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவர், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அதைச் சுமந்துகொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடமை உடையவரல்லர். ஏற்கவில்லை என்று அறிவித்தாற் போதும். முச்சக்கர வண்டியில் மூன்று முறை போன நம் சகோதரிக்கு இதை யாரும் சொல்லவில்லையே! ஆயினும் அறிவித்தல் காலந்தாழ்த்தாததாய் இருக்க வேண்டும். பொருளை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே முடியும். தொலைபேசியிற் பேசியது காற்றோடு போகும். எழுதுங்கள்; எழுதியதன் பிரதியை வைத்திருங்கள். அதே கம்பனியின் கிளை அருகில் இருந்தால் அங்கேயும் ஒரு பிரதியைக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கிளைக்குக் கொடுத்த அறிவித்தல் கம்பனிக்குக் கொடுத்ததே என்று வாதாட இடமுண்டு. ஆனால் சில தளங்கள் சந்தை மாத்திரமே. விற்பவர் வேறொருவராய் இருப்பார். ஆகவே பற்றுச்சீட்டிலே யாருடைய பெயர் இருக்கிறதென்று முதலிலே பாருங்கள்.

"விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் இவையெல்லாம் அழிந்துபோகுமா என்று முன்வரிசையிலுள்ள ஓர் இளைஞர் சற்று முன்னர் கேட்டார். நல்ல கேள்வி. 1896 ஆம் ஆண்டுச் சட்டம், வெளிப்படையான உடன்பாட்டின் மூலம் இவ்வுரிமைகளை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது உண்மைதான். ஆனால் நூறாண்டு கழித்து, 1997 இல், 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் வந்து, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களுக்கு ஒரு கடிவாளம் இட்டது. மேலும், ஐயத்துக்கு இடமான வாசகத்தை அதை எழுதினவனுக்கு எதிராகவே பொருள்கொள்வது நீதிமன்றங்களின் பழைய மரபு. தெளிவின்மை கடைக்காரனின் கோட்டையன்று. நீதிமன்றம் வரை போனால் அவன் மதில்தான் முதலில் இடியும். போகமாட்டோம் என்பதிலேதான் அவன் நம்பிக்கை இருக்கிறது.

பழுதில்லாத பொருளை, மனம் மாறியதால் திருப்பிக் கொடுப்பது வேறு விடயம். இதைக் கலந்து பேசினால் நம் பக்க நியாயமே கெட்டுவிடும். படத்திலே சிவப்பாய்த் தெரிந்த சேலை நேரிலே பிடிக்கவில்லை என்றால், நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி சொல்லவில்லை. கடைக்காரன் கொடுத்த வாக்கே அங்கு அளவுகோல். பிரித்தானியாவிலே அப்படியன்று. 2013 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2014 யூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளின்படி, இணையத்தில் வாங்கியவர், சில பொருள்கள் நீங்கலாக, பொருள் கைக்கு வந்து 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை நீக்கலாம். இந்த உரிமை உண்டென்பதை விற்பவன் வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் அந்தப் பதினான்கு நாள், பன்னிரண்டு மாதம் வரை நீண்டுவிடும்! அங்கே வாய்மூடியிருந்தால் நட்டம் விற்பவனுக்கு. இங்கே வாய்மூடியிருந்தால் இலாபம் விற்பவனுக்கு. இந்த ஒரு வேற்றுமையைத்தான் நாம் இன்று உங்கள் முன் வைக்க வந்தோம். அயலிலுள்ள இந்தியாவும் 2020 இல் இணைய வணிகத்துக்கென விதிகள் செய்து, பழுதான பொருளையும் விவரத்தோடு ஒவ்வாத பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கலாகாது என்று எழுதிவைத்திருக்கிறது. நம் சட்டமன்றத்திலே இதைக் கேட்பது பெரும் புரட்சியாகாது.

விற்பவர் பக்கத்தையும் மறக்கலாகாது. பனையோலைப் பெட்டி பின்னி, முகநூலிலே படம் போட்டு விற்கும் பெண்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். கலியாண வீட்டுக்கு உடுத்துக் களைந்த சேலையை மடித்துத் திருப்பி அனுப்புகிற கெட்டிக்காரிகளும் நம்மிடையே இல்லாமலில்லை. (சிரிப்பு.) அந்தச் சிறு வியாபாரிக்கும் தெளிவான விதியே காவல்: எத்தனை நாள், எந்த நிலையில், அனுப்பும் செலவு யாருக்கு, பணமா மாற்றுப் பொருளா என்ற நான்கையும் முன்கூட்டியே எழுதிவிட்டால் சண்டைக்கு இடமேது?

எழுதுவது எந்த மொழியிலே என்ற கேள்வியும் உண்டு. அந்தத் தளத்தில் விளம்பரம் தமிழில் இருந்தது. விலை தமிழில் இருந்தது. "இப்போதே வாங்குங்கள்" என்பதும் தமிழில் இருந்தது. நிபந்தனைகள் மாத்திரம் ஆங்கிலத்தில். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை சொல்வது தனியார் வணிகனைக் கட்டுப்படுத்தாது என்பார்கள். சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நம் காசைத் தமிழிலே கேட்கத் தெரிந்தவனுக்கு, அதைத் திருப்பிக் கொடுக்கும் முறையைத் தமிழிலே சொல்ல மாத்திரம் ஏன் நாவெழவில்லை?

சகோதரியின் கதைக்கு வருவோம். எஞ்சியிருந்த ஒன்பது நாளில் இரண்டாம் நாளே முறைப்பாட்டைத் தமிழிலே எழுதி, பற்றுச்சீட்டு, இணையத்தள விவரத்தின் பிரதி, நம் இரு கடிதங்கள், அந்த ஒரு வரிப் பதில் எல்லாவற்றையும் இணைத்து அதிகாரசபையிடம் கையளித்துவிட்டோம். விசாரணையின் பின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, இழப்பீடு செலுத்தவோ கட்டளையிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. விசாரணை அடுத்த மாதம். நிறுவனத்திலிருந்து நேற்றுத்தான் தொலைபேசி வந்ததாம்: பணத்துக்குப் பதிலாக அதே பெறுமதிக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாமாம். "எனக்குப் பொருள் வேண்டாம், ஐயா, தைக்கிற மெசின் அல்லது என் காசு" என்று அவர் சொல்லிவிட்டார். அதை எழுத்திலே அனுப்பும்படி நாம் சொன்னோம், அனுப்பிவிட்டார்.

மண்டபத்தின் பின்புறத்திலே ஒரு மேசை போட்டிருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர் இருவர் எட்டு மணி வரை அங்கே இருப்பார்கள். உங்களிடம் இப்படி முடங்கிக் கிடக்கும் பற்றுச்சீட்டு இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். முதலில் திகதியைப் பார்ப்பார்கள்.